வட இங்கிலாந்தின் நான்-லீக் மைதானங்கள்: ஆறு சனிக்கிழமைகளில் எங்கெங்கே போகலாம்?

லீட்ஸ்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தமாக லீட்ஸ் நகருக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. பள்ளி நாள் முதல் பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இங்கே வந்ததும் வாரந்தோறும் நேரில் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். பெரிய கிளப்புகளின் ஆட்டத்துக்குச் சீட்டு கிடைப்பது அரிது என்பதும், கிடைத்தாலும் அதன் விலை ஒரு வார மளிகைச் செலவுக்குச் சமம் என்பதும் வந்த பிறகுதான் தெரிந்தது.

சென்ற மாதம் உடன் பணிபுரியும் ஒருவர் என்னைக் கைஸ்லி என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். லீட்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரத் தொலைவு. நெதர்மூர் பார்க் என்ற அந்த நான்-லீக் (பெரிய லீகுகளுக்குக் கீழே உள்ள சிறு கால்பந்து கிளப்புகளின்) மைதானத்தில் அன்று சில நூறு பேர்தான் இருந்தார்கள். நான் எல்லைக் கோட்டை ஒட்டிய கம்பி வேலியில் சாய்ந்து நின்றேன். பந்து காலில் படும் சத்தமும், கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அதட்டுவதும், பந்தை உள்ளே எறிய வந்தவருக்கு மூச்சு இரைப்பதும் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டன. இருபது ஆண்டுகளாகக் கால்பந்து பார்க்கிறேன். அந்த ஆட்டம் எவ்வளவு வேகமானது, எவ்வளவு வலி தருவது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை ஆறு சனிக்கிழமைகள் எனக்கு ஓய்வாக இருக்கின்றன. கார் இல்லை, ரயிலையும் பேருந்தையும்தான் நம்ப வேண்டும். எந்த மைதானங்களைத் தேர்ந்தெடுப்பது, எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது, மழை பெய்தால் என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நிறத்தாலும் பேச்சாலும் வெளியூர்க்காரன் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும் ஒருவன் தனியே போய் நின்றால் எப்படி நடத்துவார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வியர் ஆற்றங்கரை:

அன்புள்ள நண்பருக்கு, நான் டர்ஹம் கவுண்டியில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீகும் அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளும் சேர்ந்து 92 கிளப்புகள். அவற்றுக்குக் கீழே ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீகிலிருந்து தொடங்குவது எல்லாமே நான்-லீக் என்று அழைக்கப்படுகிறது. ஆறாம் அடுக்கில் நேஷனல் லீக் வடக்கு, ஏழிலும் எட்டிலும் 1968-இல் தொடங்கிய நார்தர்ன் பிரீமியர் லீக், ஒன்பதாம் அடுக்கில் வட்டார லீகுகள். கீழே போகப் போகச் சீட்டின் விலை குறையும். ஒன்பதாம் அடுக்கில் பெரும்பாலும் 10 பவுண்டுக்குள் முடிந்துவிடும், முன்பதிவு தேவையில்லை, வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம்.

ஆனால் அடுக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கிளப்புகள் சுரங்கத்தாலும் ஆலையாலும் ரயில் பட்டறையாலும் உண்டானவை. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. அவர்கள் நின்றால் ஆலையும் நின்றுவிடும் என்பதால் ஆண்களுக்கும் அரைநாள் விடுப்பு வாய்த்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் அந்த அரைநாளில் பிறந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, ஆலைகள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. மூன்று மணி ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

டர்ஹமுக்கு ஒரு சனிக்கிழமை வாருங்கள். இங்குள்ள நார்தர்ன் லீக் 1889-இல் தொடங்கியது. இன்றும் நடக்கும் கால்பந்து லீகுகளில் உலகிலேயே இரண்டாவது பழமையானது. லீட்ஸிலிருந்து டார்லிங்டன் வந்து, அங்கிருந்து பிஷப் ஆக்லண்ட் செல்லும் சிறு ரயிலில் ஏறினால் வழியில் ஷில்டன் வரும். 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்பாதை திறக்கப்பட்ட நாளில் நீராவி இஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். காலையில் அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் டீன் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம்.

அதே பாதையின் கடைசி நிலையம் பிஷப் ஆக்லண்ட். சம்பளம் வாங்காத வீரர்களின் அணிகளுக்கான அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்ற கிளப் அது. வேறு எந்தக் கிளப்பும் அத்தனை முறை வென்றதில்லை. 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையைத் தூக்கினார்கள். 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் வீரர்களை இழந்து நின்றபோது, உதவிக்குச் சென்றவர்களில் பிஷப் ஆக்லண்ட் அணியின் மூவர் உண்டு: பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லெவின், வாரன் பிராட்லி. இவர்களில் பிராட்லி அடுத்த ஆண்டே இங்கிலாந்து அணிக்கும் ஆடினார். இப்போதைய மைதானமான ஹெரிட்டேஜ் பார்க் 2010-இல் திறக்கப்பட்டது. புதுக் கட்டடம், அவ்வளவு அழகில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து பேருந்தில் சற்று நேரம் போனால் வெஸ்ட் ஆக்லண்ட். என் மனத்துக்கு மிக நெருக்கமான ஊர் இதுதான். 1909-இல் சர் தாமஸ் லிப்டன் கோப்பைக்காக இத்தாலியின் டுரின் நகரில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு இங்கிலாந்தின் சார்பில் போனது இந்தக் கிராமத்து அணி. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றார்கள். 1911-இல் மீண்டும் போய், இறுதி ஆட்டத்தில் யுவென்டஸை 6–1 என்று தோற்கடித்துக் கோப்பையை நிரந்தரமாகவே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பயணத்தால் வந்த கடனுக்காக அதை உள்ளூர் விடுதிக்காரப் பெண்மணி ஒருவரிடம் 40 பவுண்டுக்குக் கொடுக்க நேர்ந்தது; மீட்டது 1960-இல். 1994-இல் அது திருடு போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது நகல். ஊர்ப் புல்வெளியில் அந்த அணியின் நினைவாக ஒரு சிலை நிற்கிறது. ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.

நேரம் இருந்தால் இன்னும் வடக்கே ஆஷிங்டனையும் கருதலாம். பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் சகோதரர்கள் பிறந்த சுரங்க ஊர். 1964-இல் நிறுத்தப்பட்ட பயணிகள் ரயில் 2024 டிசம்பரில்தான் நியூகாசிலிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆகவே கார் இல்லாதவர்களுக்கு இப்போது எளிது.

பென்னைன் பயணி:

மேலே நண்பர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லீட்ஸிலிருந்து டர்ஹம் வரை ஆறு முறை போய்வர முடியாது. நான் கிரவுண்ட் ஹாப்பிங் செய்பவன், அதாவது ஊர் ஊராகப் போய்ப் புதுப்புது மைதானங்களில் ஆட்டம் பார்ப்பவன். இதுவரை 143 மைதானங்களில் ஆட்டம் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றின் தேதியும் முடிவும் வருகை எண்ணிக்கையும் குறிப்பேட்டில் இருக்கின்றன. எனவே பயண ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். இதுதான் தலையாய கேள்வி. அக்டோபருக்குப் பிறகு புல்தரை நீர் வடியாமல் ஊறிப்போவதும், டிசம்பரில் பனியால் இறுகுவதும் இங்கே வழக்கம். ஐயம் இருந்தால் காலையிலேயே நடுவர் ஒருவர் தரையைச் சோதித்து, ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். இரு கிளப்புகளின் சமூக ஊடகப் பக்கங்களையும் புறப்படும் முன் ஒரு முறை, ரயில் மாறும் இடத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது: ஒரே ரயில் பாதையில் இரண்டு மைதானங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். லீட்ஸ்–ஹடர்ஸ்ஃபீல்ட்–மான்செஸ்டர் பாதை இதற்கு ஏற்றது. ஹடர்ஸ்ஃபீல்டில் நிறுத்தங்கள் அதிகமுள்ள ரயிலுக்கு மாறிக்கொண்டால், பென்னைன் மலையைக் கடந்ததும் மாஸ்லி, அடுத்து ஸ்டேலிபிரிட்ஜ். அங்கிருந்து ஆஷ்டன், ஹைட் எல்லாம் பேருந்துத் தொலைவுதான். எல்லாமே கால்பந்து ஊர்கள். மாஸ்லியின் சீல் பார்க்கில் நின்றால் கோல்கம்பத்துக்குப் பின்னால் மலை தெரியும்.

ஷெஃபீல்டுக்குக் கட்டாயம் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். 1857-இல் தொடங்கிய ஷெஃபீல்ட் எஃப்.சி. உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப். இன்று அது நகரத்துக்கு வெளியே, டெர்பிஷயர் எல்லைக்குள் இருக்கும் டிரான்ஃபீல்டில் ஆடுகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நகரின் மேற்கே கிராஸ்பூல் மேட்டில் உள்ள சாண்டிகேட். ஹாலம் கிளப்பின் மைதானம் அது. 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும் ஷெஃபீல்டும் அங்கே மோதின. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் அதைப் பதிந்திருக்கிறது. தரை சரிவாக இருப்பதால் ஒரு பாதியில் மேட்டை நோக்கியும் மறு பாதியில் பள்ளத்தை நோக்கியும் ஆட வேண்டியிருக்கும். எந்த அணி எந்தப் பாதியில் கோல் அடிக்கிறது என்பதைக் கவனித்துப் பார்ப்பதே தனிச்சுவை. இன்றைக்கு நாம் பார்க்கும் கார்னர் கிக் ஷெஃபீல்டில் வழங்கிய பழைய விதிகளிலிருந்து வந்தது. அந்த விதிகளோடு ஆடிய அதே தரையின் ஓரத்தில் இன்றைக்கும் நின்று பார்க்க முடிகிறது என்பதை ஒவ்வொரு முறையும் என்னால் நம்ப முடிவதில்லை.

பரி நகரின் கிக் லேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை (பெரிய கிளப்புகளும் சிறிய கிளப்புகளும் கலந்து மோதும் போட்டி) வென்ற கிளப், 2019 ஆகஸ்டில் பணப் பிரச்சினையால் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கி நடத்தினார்கள். பிறகு புதுக் கிளப்பின் தரப்பும் பழைய கிளப்பின் தரப்பும் இணைந்து 2023-இல் பழைய மைதானத்துக்கே திரும்பின. ஒன்பதாம் அடுக்கு ஆட்டத்துக்கு அங்கே மூவாயிரம் பேர் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன். மான்செஸ்டரிலிருந்து டிராமிலேயே போகலாம். மான்செஸ்டரின் மாஸ்டன் பகுதியில் உள்ள பிராட்ஹர்ஸ்ட் பார்க், 2005-இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியதை எதிர்த்துப் பிரிந்த ரசிகர்கள் தொடங்கிய எஃப்.சி. யுனைடெட்டின் மைதானம். அங்கே உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு; எத்தனை பணம் போட்டிருந்தாலும் ஒன்றுதான்.

தேநீர்க் குடில்:

வணக்கம். மேற்கு யார்க்ஷயரில் ஒன்பதாம் அடுக்குக் கிளப் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேநீர்க் குடிலில் தன்னார்வலராக நிற்கிறேன். என் மகன் அங்கே சிறுவர் அணியில் ஆடத் தொடங்கியபோது உதவிக்குப் போனவள். அவன் வேறு ஊருக்குப் போன பிறகும் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

பென்னைன் பயணி அவர்களின் குறிப்புகள் யாவும் பயனுள்ளவை. ஆனால் ஆறு சனிக்கிழமைக்கு ஆறு மைதானம் என்ற கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று புதிய இடங்களுக்குப் போங்கள். மீதி மூன்று வாரமும் ஒரே இடத்துக்கு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்குப் போங்கள். முதல் முறை உங்களுக்குத் தெரிவது கட்டடமும் புல்லும்தான். இரண்டாம் முறை வாசலில் சீட்டுக் கொடுப்பவர் உங்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்வார். மூன்றாம் முறை உங்களுக்காக ஒருவர் வேலியோரத்தில் இடம் விட்டு நகர்ந்து நிற்பார். இதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடிலின் சன்னலிலிருந்து பார்த்து வருகிறேன்.

வெளியில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் சம்பளம் வாங்கும் அலுவலர் ஒருவர்கூட இல்லை. கோடு போடுபவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். சட்டைகளைத் துவைப்பவர் செயலாளரின் மனைவி. ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் காலையில் மளிகைக் கடையில் வேலை முடித்துவிட்டு வருபவர். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் அந்த மாதம் மின்கட்டணம் கட்டுவதே பெரும்பாடு, ஏனென்றால் வாசல் வசூலைவிட தேநீர், பை என்னும் இறைச்சிப் பண்டம், மதுக்கூடம், லாட்டரிச் சீட்டு ஆகியவற்றில் வரும் பணம்தான் எங்களைத் தாங்குகிறது. தள்ளிப்போன ஆட்டம் பிறகு செவ்வாய்க்கிழமை இரவில் நடக்கும். அதற்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். ஆகவே போகும் இடத்தில் ஒரு கோப்பைத் தேநீரும், அச்சிட்டிருந்தால் ஆட்ட மலரும் வாங்குங்கள். சைவ உணவு உண்பவராக இருந்தால் சிப்ஸும் வேகவைத்த பட்டாணியும் எங்கும் கிடைக்கும். கிரேவியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, எதிரணியோடு வந்த ஒருவர் என் நிறத்தைச் சொல்லித் திட்டினார். எங்கள் செயலாளர் அவரை வெளியே அனுப்பினார், நடுவரிடமும் எழுத்தில் கொடுத்தார். அந்த இரவு நான் தூங்கவில்லை என்பதும் உண்மை, அடுத்த சனிக்கிழமை குடிலுக்கு வந்து மௌனமாக என் கையைப் பிடித்துவிட்டுப் போனவர்கள் பலர் என்பதும் உண்மை. சிறிய கூட்டத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. அது இரு பக்கமும் வேலை செய்கிறது. தனியாகப் போவதற்குத் தயங்க வேண்டாம். வேலியோரத்தில் பத்து நிமிடம் நின்றாலே எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பெரும்பாலும் ஆவல்தான் இருக்கும்.

பென்னைன் பயணி:

சகோதரிக்கு வணக்கம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னைப் போன்று ஊர் ஊராகப் போகிறவர்கள் வாசலில் கொடுக்கும் பணமும் சிறு கிளப்புகளுக்கு வேண்டியிருக்கிறது. நான் போன மைதானங்களில் நான்கு இப்போது இல்லை, அங்கே வீடுகள் எழும்பிவிட்டன. அவற்றைப் பார்த்துவிட்டேன் என்பதற்காக மகிழ்கிறேன். கிரேவியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

லீட்ஸ்வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் சனிக்கிழமை முடிந்துவிட்டது, நடந்ததை எழுதுகிறேன். முதலில் குறித்துவைத்திருந்த மைதானத்தில் ஆட்டம் இல்லை என்ற செய்தி ஹடர்ஸ்ஃபீல்ட் நிலையத்தில் இருக்கும்போதுதான் வந்தது. பென்னைன் பயணி சொன்னபடி அதே பாதையில் இரண்டாவதாக ஸ்டேலிபிரிட்ஜைக் குறித்திருந்ததால் அப்படியே பயணத்தைத் தொடர்ந்தேன். நடைமேடையிலேயே விக்டோரியா காலத்து மதுக்கூடம் ஒன்று இருக்கிறது; கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, நீலக் கழுத்துத்துணி அணிந்த முதியவர்கள் நான்கு பேர் அமர்ந்திருந்தார்கள். பவர் ஃபோல்ட் மைதானத்துக்கு வழி கேட்டேன். தாங்களும் அங்கேதான் போகிறோம் என்று சொல்லி உடன் அழைத்துக்கொண்டார்கள். மேட்டுச் சாலையில் ஏறத்தாழ அரை மணி நேரம் நடந்தோம்.

இடைவேளையில் எல்லோரும் எழுந்து எதிர்ப்பக்கக் கோல்கம்பத்தை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, ஆட்டம் முடிந்துவிட்டதோ என்று ஒரு கணம் திகைத்தேன். தம் அணி எந்தப் பக்கம் கோல் அடிக்க முயல்கிறதோ அந்தப் பக்கத்தில் போய் நிற்பதற்காக இப்படி இடம் மாறுகிறார்கள் என்று அந்த முதியவர்களில் ஒருவர் விளக்கினார். பிரித்து நிறுத்தக் காவலர்கள் இல்லை. எதிரணியின் ரசிகர்கள் எதிரே நடந்து வந்து எங்களைக் கடந்து போனார்கள், சிலர் தலையசைத்தார்கள். நான்கு மணிக்குள் விளக்குகள் எரியத் தொடங்கின. வெளிச்சத்தில் மழைத்தூறல் மட்டும் தனியாகத் தெரிந்தது.

அந்த முதியவரின் தந்தை பக்கத்துப் பருத்தி ஆலையில் வேலை பார்த்தவராம். சனிக்கிழமை சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவாராம். வியர் ஆற்றங்கரை நண்பர் எழுதிய அரைநாள் விடுப்பு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

தேநீர்க் குடில் அம்மாவின் சொல்லை ஏற்று, கைஸ்லிக்கு மூன்று முறை போவதென்று முடிவு செய்துவிட்டேன். மீதி இரண்டில் ஒன்று சாண்டிகேட். இன்னொன்றுக்கு லிவர்பூல் பக்கம் உள்ள மரீன் கிளப்பை எண்ணுகிறேன். அங்கே போனவர் எவரேனும் உண்டா?

மெர்சிக் கரை:

மரீன் கிளப் இருக்கும் கிராஸ்பியில்தான் நானும் இருக்கிறேன். லிவர்பூல் சென்ட்ரலிலிருந்து மெர்சி ரயிலில் பிளண்டெல்சாண்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் ரோசெட் பார்க் பத்து நிமிட நடை. 2021 ஜனவரி 10 அன்று எட்டாம் அடுக்கில் இருந்த மரீன் கிளப்புக்கும் பிரீமியர் லீகின் டோட்டன்ஹாமுக்கும் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று ஆட்டம் நடந்த இடம் இது. லீக் வரிசையில் இரு அணிகளுக்கும் இடையே 161 இடங்கள். அந்தக் கோப்பையின் வரலாற்றில் அவ்வளவு பெரிய இடைவெளி அதற்குமுன் இருந்ததில்லை. பெருந்தொற்றுக் காலம் என்பதால் ரசிகர்களுக்கு அனுமதியில்லை; ஆனாலும் கிளப்புக்கு உதவ முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கற்பனைச் சீட்டுகளை வாங்கினார்கள். மைதானத்தின் ஒரு பக்கம் நேரே வீட்டுத் தோட்டங்களை ஒட்டியிருப்பதால், அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, அப்போது மொரீனியோ பயிற்சியாளராக இருந்த டோட்டன்ஹாம் அணியைப் பார்த்தார்கள். 5–0 என்று தோற்றோம். அதைப் பற்றி இங்கே யாரும் வருத்தப்படுவதில்லை.

காலையிலேயே வந்துவிடுங்கள். கடற்கரை மணலில் கடலைப் பார்த்தபடி நூறு இரும்பு மனிதர்கள் நிற்கிறார்கள், எல்லாம் சிலைகள். அலை ஏறும்போது பலர் கழுத்தளவு மூழ்கிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டரை மணிக்கு மைதானத்துக்குள் போய்விடலாம். தோட்டத்துப் பக்கம் நிற்க இடமில்லை, எனவே நான் எப்போதும் மதுக்கூடத்தை ஒட்டிய கோல்கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பேன். தேதியைச் சொல்லுங்கள், நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன். கடற்காற்று கடுமையாக இருக்கும், காதை மூடும் குல்லா ஒன்று கட்டாயம் கொண்டுவாருங்கள்.